மடி ரூம்

தாம்பரம்,
14-7-1969

அன்புள்ள ரத்தினபாய் அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இவ்வளவு தூரம் வந்ததற்கே ஸ்தோத்திரம். முதல் மூன்று வருஷம் நான் போட்ட கிறிஸ்மஸ் கார்டுகள் பிரிக்காமல் திரும்பி வந்தன. அப்புறம் எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஆக மொத்தம் எட்டு வருஷம் ஓடிவிட்டது.

சௌக்கியமா என்று கேட்க எனக்கு வாயில்லை. அத்தானையாவது விசாரிக்கலாமா? திருநெல்வேலி ஸ்டேஷன் வேலை அவருக்குப் பிடித்திருக்கிறதா? நீ பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறாய் என்று சர்ச்சில் சொன்னார்கள். பாவம் அந்தப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன். கோபிக்காதே.

நான் அதே ஆஸ்பத்திரியில், அதே பச்சிளங்குழந்தை வார்டில்தான் இருக்கிறேன். இப்போது நான்தான் அங்கே சிஸ்டர். பிரசவ வார்டில் நீ படுத்திருந்த ஒன்பதாம் நம்பர் கட்டிலைத் தாண்டும்போது மட்டும் இன்னும் வேகமாக நடப்பேன்.

அக்கா, உன் பிள்ளை விஷயத்தில் நான் செய்ததற்கு இதுவரை ஒரு தடவைகூட உன்னிடம் மண்ணிப்புக் கேட்டதில்லை. அன்றைக்கு உனக்கு விஷயம் தெரிந்த பிறகு உன் அறுகில் வந்து நிற்கத் தைரியம் இல்லை. இன்றைக்குத் தைரியம் வந்துவிட்டதா என்றால், இல்லை, தேவை வந்துவிட்டது. வார்டில் ஒரு காரியம் ஆரம்பித்தேன். அது நின்றுபோகும் நிலையில் இருக்கிறது. அதைக் காப்பாற்ற உன் வாய் வேண்டும். ‘ரத்தினம் வாயைத் திறந்தால் கலெக்டரும் எழுந்து நிற்பான்’ என்று அப்பா சொல்வாரே, அந்த வாய்.

ஒரு வரி போடு. முழுவதும் எழுதுகிறேன்.

உன் தங்கை,
மெட்டில்டா

*

பாளையங்கோட்டை,
22-7-1969

மெட்டில்டா,

சந்திரனில் மனிதன் இறங்கிய செய்தியும் உன் கடிதமும் ஒரே நாளில் வந்தன. எது பெரிய அதிசயம் என்று உன் அத்தான் கேட்டார். நான் பேனாவைத் தேடினேன்.

உன் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பிழை இரண்டுதான். எட்டு வருஷத்தில் தேறியிருக்கிறாய்.

‘அருகில்’ என்பதற்கு இடையின ரகரம். வல்லினம் போட்டால் அறுப்பது என்று ஆகும். நீ செய்த காரியத்துக்கு அது பொருத்தம் என்றாலும் பிழை பிழைதான்.

‘மன்னிப்பு’க்கு இரண்டு சுழி. மூன்று சுழி போட்டால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைத்தாயா?

ஒரு வரி கேட்டாய். மேலே நிறையவே இருக்கின்றன.

ரத்தினபாய்

*

தாம்பரம்,
30-7-1969

அன்புள்ள அக்கா,

சிவப்பு மையைப் பார்த்ததும் டியூட்டி ரூமில் உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் அழுதேன். நீ திருத்துகிறாய் என்றால் படித்திருக்கிறாய். அது போதும், சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் பிப்ரவரியில் கோவளம் குப்பத்திலிருந்து அங்காளம்மா என்று ஒருத்தி பிரசவத்துக்கு வந்தாள். மீன் விற்கிறவள். ஏழு மாதத்தில் பெண் குழந்தை, இரண்டு பவுண்டுகூட இல்லை. மூச்சு எடுக்கவே அதற்குத் தெரியவில்லை. டாக்டர் பாலகுரு பார்த்துவிட்டு என்னிடம் தலையை ஆட்டினார்.

டாக்டர் தலையை ஆட்டினால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். தொட்டிலை மூலைக்குத் தள்ளித் திரையை இழுத்துவிடுவோம். பெற்றவளை உள்ளே விடமாட்டோம். எல்லாம் முடிந்ததும் தகப்பனைக் கூப்பிட்டுத் துணி மூட்டையைக் கையில் கொடுப்போம். ‘தாய் பார்த்தால் நெஞ்சு உடைந்துவிடும்’ என்று யாரோ நல்ல மனசோடு போட்ட சட்டம் அது. கெட்ட மனசோடு போட்டிருந்தால் என்றைக்கோ சண்டை போட்டிருக்கலாம்.

அங்காளம்மா பெற்றுப்போட்டு ஏழு மணி நேரம்கூட ஆகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வார்டுக் கதவைத் தள்ளினாள்.

“எம்புள்ள எங்க?”

“உள்ளே வரக்கூடாதும்மா. காத்து படும்.”

“பொயைக்குமா?”

‘தூங்குதும்மா, போய்ப் படு’ என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. உன் முகம் முன்னால் வந்து நின்றது அக்கா. “பிழைக்காதும்மா” என்று சொல்லிவிட்டேன். வார்டில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

மார்பில் அடித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? பொயைக்காத புள்ளைக்குக் காத்து பட்டா இன்னா, படாங்காட்டி இன்னா? எங்கையில குடு. சாவறதுன்னா எம்மடில சாவட்டும். கட்டிலா பெத்துது?”

கட்டிலா பெற்றது? நர்சிங் புத்தகத்தில் எங்கே தேடியும் இதற்குப் பதில் கிடையாது. பக்கத்தில் துணி வைக்கிற அறையில், சலவை மூட்டையின் மேலேயே அவளை உட்கார வைத்தேன். குழந்தையின் மூக்கிலிருந்த குழாயை எடுத்தேன். இன்னொரு ஊசி போடச் சொல்லியிருந்தார் டாக்டர். போடவில்லை. வெறும் மார்பில் அதைப் படுக்க வைத்துப் போர்த்திவிட்டேன். தாய்ப்பாலில் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்ததும் அந்தப் பொட்டு வாய் சப்பியது.

அவர்கள் குப்பத்தில் பதினாறாம் நாள்தான் பேர் வைப்பார்களாம். “பதினாறு நாளுக்கு நா எங்க போவேன்?” என்று சொல்லிவிட்டு அங்கேயே ‘ரேணுகாம்பா’ என்று காதில் மூன்று தரம் கூப்பிட்டாள். அப்புறம் ஒரே பேச்சு. “உனுக்கு ரெண்டு அண்ணனுங்க கீறானுங்க. ரெண்டும் தறுதல. நீ பாக்காததே நல்லது.” கடல், வலை, மாமியார் எல்லாவற்றையும் சொன்னாள். நாலு மணி நேரம். குழந்தை போனதும் தானே துடைத்து, தானே துணி சுற்றினாள். அதற்குப் பிறகுதான் ஓவென்று அழுதாள். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. யாரும் அவளை அடக்கவில்லை.

ஊசி போடாததற்கு டாக்டரிடம் சரியான வசவு. வேலை போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவர் அந்தக் கதவண்டை கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். மறுநாள் தன் அறையிலிருந்த பிரம்பு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து அங்கே போட்டார். நல்ல மனுஷன்.

அன்றிலிருந்து அது ஒரு அறை. ஆயா கங்கையம்மாள் துணி அலமாரியை வராந்தாவுக்குத் தள்ளிவிட்டு ‘மடி ரூம்’ என்று பேரும் வைத்துவிட்டாள். பிழைக்காது என்று தெரிந்தால் தாயிடம் உள்ளதைச் சொல்கிறோம். ஊசி குத்துவதை நிறுத்துகிறோம். வலி தெரியாமலிருக்க டாக்டர் சொட்டு மருந்து எழுதுகிறார். பிள்ளையை மடியில் கொடுத்துவிடுகிறோம். ஞானஸ்நானம் கேட்டால் பாதிரியார் வருவார். விபூதி என்றால் விபூதி. பல்லாவரத்து பாய் ஒருவர் மகன் காதில் பாங்கு ஓதினார். இதுவரை இருபத்தாறு குழந்தைகள். ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். தேதி, பெயர், யார் சாயல், மடியில் இருந்த நேரம். ஆஸ்பத்திரியின் பெரிய ரிஜிஸ்தரில் வெறும் ‘இறப்பு’ என்றுதான் இருக்கும்.

அங்காளம்மா வாரம் ஒருநாள் கூடையைக் காலி செய்துவிட்டு வருவாள். யாரும் கூப்பிடவில்லை. எந்தத் தாய் உள்ளே இருக்கிறாளோ அவள் பக்கத்தில் தரையில் உட்காருவாள். ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லமாட்டாள். “அய்வணும்னா அயு. நா குந்திகினு கீறேன்” என்பாள். நான் பார்த்த மனுஷிகளில் அவளுக்குச் சமமாக ஒருத்தியைச் சொல் என்றால் எனக்குத் தெரியாது.

இப்போது வினை. ‘மடி ரூமுக்குப் போர்வை இரண்டு’ என்று ஸ்டோருக்குச் சீட்டு எழுதினேன். அது கமிட்டிக்குப் புதிதாக வந்த ஏசுபாதம் சார் கண்ணில் பட்டுவிட்டது. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். சர்ச்சில் சாதிக்கொரு பெஞ்சு போட்டிருந்த காலத்தில் ஒற்றை ஆளாக நின்று அதை உடைத்தவர். ‘மடி’ என்றதும் அவருக்கு மடி ஆசாரம்தான் தோன்றியிருக்கிறது. “மிஷன் ஆஸ்பத்திரியில் தீட்டுப் படாமல் இருக்கத் தனி அறையா?” என்று மேஜையைத் தட்டிவிட்டு அறையைப் பூட்டச் சொல்லிவிட்டார். விளக்கம் சொல்லப் போனால் அது அடுத்த வம்பாக முடிந்தது. சாகிற பிள்ளையைத் தாய் மடியில் கொடுக்கிறீர்களா, யார் அனுமதித்தது என்று மற்ற மெம்பர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். செப்டம்பர் ஆறாம் தேதி விசாரணை.

அறை பூட்டிய பிறகு முடிச்சூர் காந்திமதியின் பையன் திரைக்குப் பின்னால்தான் போனான். என் மடியில் வைத்திருந்தேன். அவள் கதவுக்கு வெளியே நின்றாள்.

நீ வா அக்கா. அந்த அறை இல்லாவிட்டால் ஒரு தாய்க்கு என்ன ஆகும் என்று அவர்களிடம் சொல்ல உன்னைவிட்டால் எனக்கு யார்?

மெட்டில்டா

*

பாளையங்கோட்டை,
6-8-1969

மெட்டில்டா,

பிழை இல்லை.

உன் அங்காளம்மாவைப் பற்றி மூன்று தரம் படித்தேன். அவளுக்குக் கேட்கத் தெரிந்திருக்கிறது. நான் படித்தவள், சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள், கட்டிலிலேயே கிடந்தேன். இத்தனை வருஷம் உன்மேல் வைத்திருந்த கோபத்தில் பாதி என்மேல் உள்ளது என்று நேற்றுத்தான் தெரிந்தது. மீதிப் பாதி உனக்கே உரியது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் பிள்ளையை உன் கமிட்டிக்குச் சாட்சியாகக் கூட்டிவரச் சொல்கிறாய். என்ன முகத்தை வைத்துக்கொண்டு வருவேன்? அவன் முகமே எனக்குத் தெரியாதே.

1961 ஆகஸ்ட் 19. வயிற்றில் தையல், உடம்பில் காய்ச்சல். பிள்ளைக்கு இருதயம் சரியில்லை, நீலமாக இருக்கிறான் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். இரண்டு மணிக்கு நீ வந்தாய். என்ன பண்றான் என்று கேட்டேன். “நித்திரையாயிருக்கான்க்கா” என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இரண்டு நாளாக மூச்சுக்குத் திணறின பிள்ளை தூங்குகிறான்! என் பெயர் பொறித்த எவர்சில்வர் டம்ளரில் பாலைப் பீய்ச்சி, எழுந்ததும் கொடு என்று உன்னிடம் தந்தேன். நீயும் வாங்கிக்கொண்டு போனாய்.

அவன் பதினொரு மணிக்கே போய்விட்டான். இரவு எட்டு மணிக்கு இவர் வந்து சொன்னார். அதற்குள் மண்ணும் போட்டாகிவிட்டது.

எனக்கு எட்டு வருஷமாக ஒரே கேள்விதான். அந்தப் பாலை என்ன செய்தாய்? வாஷ்பேசினில் கொட்டினாயா? உண்மையை எழுது. ஆறுதல் எழுதினால் சிவப்பு மையைக்கூட அதற்குச் செலவழிக்க மாட்டேன். கமிட்டியைப் பற்றிப் பிறகு பேசலாம்.

ரத்தினபாய்

*

தாம்பரம்,
12-8-1969

அக்கா,

ஆறுதல் இல்லாத பாகத்தை முதலில் எழுதுகிறேன்.

அவன் பதினொன்று பத்துக்குப் போனான், திரைக்குப் பின்னால். பக்கத்தில் யாரும் இல்லை. நான் அடுத்த அறையில் பாட்டில்களைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. யார் கையும் அவன்மேல் இல்லை. இதை வேறு மாதிரி எழுத முடியுமா என்று எட்டு வருஷமாக மனசுக்குள் பார்த்துவிட்டேன், முடியவில்லை.

உனக்குக் காய்ச்சல் இறங்கும்வரை சொல்லக்கூடாது என்பது அன்றைக்கு இருந்த டாக்டரின் உத்தரவு. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சண்டே ஸ்கூலில் வளர்ந்தவளுக்குப் பொய் சொல்லவும் பயம். செத்தவர்களைச் சர்ச்சில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்றுதானே வாசிப்பார்கள்? நித்திரை என்று சொன்னால் கர்த்தர் முன்னால் அது பொய் ஆகாது, நீ தூக்கம் என்று எடுத்துக்கொள்வாய் என்று யோசித்துத்தான் அந்த வார்த்தையைப் பொறுக்கினேன். அது பயம்கூட இல்லை அக்கா, தந்திரம். வேதம் வாசிக்கிற வீட்டுப் பிள்ளைக்குத்தான் அப்படி ஒரு பொய் கைக்கு எட்டும். இப்போது என் வார்டில் செத்த குழந்தையைப் பற்றி ‘தூங்குது’ என்று சொல்கிற நர்ஸை நான் சும்மா விடுவதில்லை.

இனி பால். டம்ளரை எடுத்துக்கொண்டு வாஷ்பேசின் வரைக்கும் போனேன். கை சாயவில்லை. மேலே துணியைக் கட்டி ஒரு ஓரமாக வைத்தேன். நாலு மணிக்கு அத்தானும் அப்பாவும் கிளம்பினார்கள். சைக்கிள் ரிக்‌ஷாவில் பெட்டியை அத்தான் வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தார். நான் டம்ளரோடு பின்னாலேயே நடந்தேன். உபதேசியார் ஜெபம் பண்ணி முடித்து, மண்ணை மூடி, எல்லாரும் திரும்பினபோது அந்தப் பாலை மண்ணின்மேல் ஊற்றினேன்.

அப்பா பார்த்துவிட்டார். “என்னடி இது அஞ்ஞானிகள் பழக்கம்? கிறிஸ்தவப் பெண்ணா நீ?” என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அத்தான் நடுவில் வந்து நின்று, “ஊத்தட்டும் மாமா. அவன் அம்மா கொடுத்தனுப்பினது” என்றார். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் ஊற்றினேன். சபையில் பேச்சாகிவிடும், ரத்தினத்துக்கும் தெரியக்கூடாது என்று அப்பா எங்கள் இரண்டு பேரிடமும் வாக்கு வாங்கினார். அப்பா போய்விட்டார், அதனால் சொல்லிவிட்டேன். அத்தானைக் கோபிக்காதே.

பால் அவனுக்குத்தான் போயிற்று அக்கா. நேரம் தவறிப் போயிற்று, ஆனால் அவனுக்குத்தான் போயிற்று.

முகம் கேட்டாய். நெற்றி உன்னுடையது, அகலம். இடது காதின் நுனி மடிந்திருந்தது, அத்தானுக்கு இருக்கிற மாதிரியே. அன்று காலை ஆறு மணிக்குத் துணி மாற்றியபோது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டான். வேறு குழந்தை அழுததென்று விரலை உருவிக்கொண்டு போனேன்.

டம்ளர் என்னிடம் இருக்கிறது. அதில் நான் எதுவும் குடிப்பதில்லை.

மன்னிப்பு. இரண்டு சுழிதான் போட்டிருக்கிறேன்.

மெட்டில்டா

*

(கார்டு)

பாளையங்கோட்டை,
19-8-1969

அவரிடம் கேட்டேன். ஆமாம் என்றார். இன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை. பேசிக்கொண்டிருந்தோம்.

ஆறாம் தேதி என்று எழுதினாய், எத்தனை மணிக்கு என்று எழுதவில்லையே. சிஸ்டராம்!

ர.

*

தாம்பரம்,
9-9-1969

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமை காலையில் தாம்பரம் ஸ்டேஷனில் குடையும் கையுமாக நீ இறங்கினபோது பையை வாங்கிக்கொள்ள ஓடிவந்தேன். நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காபி வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாய். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

நீ பேசியதை உனக்கே எழுதுவது கிறுக்குத்தனம்தான். ஆனால் அதை என் நோட்டில் எழுதி வைக்கப்போகிறேன். தப்பாக இருந்தால் திருத்து.

ஏசுபாதம் சார், “மடி என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாதா?” என்றார். நீ எழுந்தாய். “தெரியும் சார். ஆனா எந்த மடின்னு சொல்லுங்க. ஆசாரம் ஒரு மடி. பழைய தமிழ்ல சோம்பலுக்கும் மடின்னு பேரு. மடிஞ்சு போறதுன்னா சாவு. பெத்தவ உட்கார்ந்தா வர்றது ஒரு மடி. கமிட்டி இதுல எதைப் பூட்டி வச்சிருக்கு?” என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமலாக மாற்றிக்கொண்டேன்.

கதவோரம் நின்ற அங்காளம்மா சும்மா இருப்பாளா? “இன்னா சார் பேஜாரு? குந்தினா வரும், எய்ந்தா பூடும், அத்தான் மடி. அதுக்கு இன்னாத்துக்குப் பூட்டு?” என்றாள். ஏசுபாதம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் அந்த இன்னொரு மெம்பர் கேட்டாரே, “எல்லாம் சரிம்மா, பிள்ளை சாகிறதைப் பெத்தவ பார்த்தா தாங்குவாளா?” என்று. நீ குடையை மேஜைமேல் வைத்தாய். “எனக்குக் காட்டலை சார். இதே ஆஸ்பத்திரியில. எட்டு வருஷம் ஆச்சு. இன்னும் தாங்கலை” என்றாய்.

அவ்வளவுதான். நீ அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஏசுபாதம் சார் தன் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு தானே போய்ப் பூட்டைத் திறந்தார். பெயரை மாற்றிவிடலாமா என்று ஆபீஸ் கிளார்க் கேட்டார். “அதே பெயர் இருக்கட்டும். பலகை நான் எழுதித் தருகிறேன். என்னை மாதிரி இன்னொரு கிழவன் கோபப்பட்டால் விளக்கம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்” என்றார்.

என் அக்கா என்று அன்று முழுக்க எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எட்டு வருஷமாகச் சொல்லாத வார்த்தை. இந்த உலகத்தில் உனக்கு இருக்கிற நெஞ்சு யாருக்கு இருக்கிறது!

சாயங்காலம் ரயில் நகர்கிற நேரத்தில், “உன் நோட்டைப் பார்த்தேன். ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கு” என்று மட்டும் சொன்னாய். அன்று இரவே அந்தப் பக்கத்தை எழுதினேன். எனக்குத் தெரிந்தவரையில், உள்ளது உள்ளபடி. நீ பார்த்துச் சரி என்றால்தான் நோட்டில் ஒட்டுவேன். இத்துடன் வைத்திருக்கிறேன். டம்ளரையும் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

மெட்டில்டா

*

பாளையங்கோட்டை,
17-9-1969

அன்புள்ள மெட்டி,

டம்ளர் வந்தது. அவர் அதில் காபி கேட்டார். கொடுத்தேன்.

நான் பேசியதை நீ சரியாகவே எழுதியிருக்கிறாய். இப்போது நீ செய்ததை நான் எழுதுகிறேன். கிறுக்கு என்ன உனக்கு மட்டும் சொந்தமா?

கமிட்டி அறையிலிருந்து நேராக ஒன்பதாம் நம்பர் கட்டிலைப் போய்ப் பார்த்தேன். யாரோ ஒருத்தி தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது பூட்டுத் திறந்திருந்தது. உள்ளே போய்ப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்காளம்மா வந்து தரையில் உட்கார்ந்தாள். அவளிடம் மீன் வாடை. “வூட்டுக்காரரு வர்லியா?” என்று கேட்டாள். லீவு கிடைக்கவில்லை என்றேன். “நல்லா குந்து. யாரும் வெரட்ட மாட்டாங்கோ” என்றாள். என் மடியில் ஒன்றுமில்லை. இருந்தாலும் கால்மணி நேரம் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. அவளைப் பற்றி நீ எழுதினதெல்லாம் குறைவு.

அப்புறம் அஸ்தினாபுரத்துப் பெண்ணை அவள் குழந்தையோடு நீ அழைத்துக்கொண்டு வந்தாய். நான் எழுந்து நாற்காலியை விட்டேன். மூலையில் நின்ற என்னை நீ கவனிக்கவே இல்லை. அந்தக் குழந்தையின் கையிலிருந்த பிளாஸ்திரியைத் தோல் உரியாமல் எண்ணெய் தொட்டுத் தொட்டு எடுத்தாய். அரைமணி நேரத்தில் போகப்போகிற பிள்ளைக்கு இவ்வளவு பதமா என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் வெட்கமாகிவிட்டது. அந்தப் பெண்ணின் காலடியில் முட்டி போட்டு உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, “இவன் பிழைக்க மாட்டாம்மா. ஆனா இப்ப உயிரோட இருக்கான். உன் குரல் அவனுக்குத் தெரியும். பேசு” என்றாய். உன் குரல் நடுங்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன் கட்டிலோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டு பேசின பெண்ணா இவள் என்று பார்த்தேன். அவள் பேசினாள். அவள் புருஷன் வந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் பாலகுரு வாசலில் கைகட்டி நின்றார். ஒரு டாக்டர் கைகட்டி நின்று நான் பார்த்ததில்லை.

உன்னிடம் பேசாமல் ரயில் ஏறினது கோபத்தால் அல்ல. வாயைத் திறந்தால் ஸ்டேஷன் என்றுகூடப் பார்க்காமல் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். அப்பா மெச்சின வாய்க்கு அது அழகா?

மன்னிப்பு என்று நீ எழுதின இடத்தில் டிக் போட்டிருக்கிறேன். கிறிஸ்மஸ் லீவுக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். கல்லறைத் தோட்டத்தில் இடம் எது என்று அவருக்கு நினைவிருக்கிறதாம். நீயும் கூட வரவேண்டும்.

நீ அனுப்பின பக்கத்தைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். திருத்தம் இரண்டு. எட்டு வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத பெயர் அதில் இருக்கிறது, இவருக்குக்கூட நாங்கள் சாப்பிடாமல் பேசிக்கொண்டிருந்த அன்று இரவுதான் சொன்னேன். இரண்டாவது திருத்தம் உன் கவனக்குறைவு. நோட்டில் ஒட்டிவிடு.

அக்கா

(இணைப்பு. நீல மையில் மெட்டில்டாவின் எழுத்து, சிவப்பு மையில் திருத்தம்.)

தேதி: 19-8-1961
ரத்தினபாய் – தேவானந்தம் குழந்தை, ஆண்
சாயல்: நெற்றி தாயைப் போல. இடது காது தகப்பனைப் போல.

பெயர்: வைக்கவில்லை
திருத்தம்: தயாளன்

மடியில் இருந்த நேரம்: இல்லை
திருத்தம்: பத்து மாதம்